கழுதை கத்துமா, கனைக்குமா?

நண்பர் ஒருவரின் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்த் தேர்வில் ஒலிமரபுப் பகுதியில் ‘கழுதை’ என்பதற்கு நேரே ‘கனைக்கும்’ என்று எழுதி மதிப்பெண்ணை இழந்துவிட்டாள். நண்பர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். கனைக்கும் என்பது ஏன் தவறு? ஆடு, மாடு, தவளை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் கத்தும்போது கழுதைக்கும் அதே சொல்தானா, தனிச்சொல் எதுவும் தமிழில் இல்லையா? அப்புறம், ‘கத்து’ என்பது மட்டமான சொல்லா? இவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். குதிரை கனைக்கும், கழுதை கத்தும். இதுதான் வழக்கு. தேர்வில் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பெண் எழுதியது போகிற போக்கில் வந்த பிழை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. குதிரையும் கழுதையும் ஓரினத்து விலங்குகள். ஒன்று கனைத்தால் இன்னொன்றும் கனைக்கும் என்று ஒரு குழந்தை நினைத்தால் அது யோசித்து நினைத்ததுதான். யோசனை எங்கே தடுக்கிறது என்று பார்க்க, இரண்டு விலங்குகளின் தொண்டைக்குள்ளும் கொஞ்சம் போக வேண்டும்.

வைகைக் கரையில் சலவைத் தொழிலாளர்களின் கழுதைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். பகலெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். திடீரென ஒன்று கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருக்கி, விலா உள்ளே போய் வெளியே வரத் தொடங்கும். முதலில் உலர்ந்த கிணற்று ராட்டினம் சுற்றுவது போல ஓர் இழுப்பு. உடனே அகலமாக ஓர் ‘ஆ’. மறுபடி இழுப்பு, மறுபடி ‘ஆ’. இப்படி ஏழெட்டு முறை. கடைசியில் மூச்சு தீர்ந்து, முனகலாக இறங்கி அடங்கும். சிறு வயதில் இதை நாங்கள் ‘ஈ… ஆ…’ என்று செய்து காட்டுவோம். அந்த ‘ஈ’ கழுதை மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் ஒலி என்பது வெகு காலத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குதிரை மூச்சை வெளியே விடும்போது மட்டும்தான் கனைக்கும். கழுதை இழுக்கும்போதும் ஒலிக்கும், விடும்போதும் ஒலிக்கும். அதனால் அதன் குரலில் இடைவெளியே இல்லை. நம் காதை அறுப்பது சத்தத்தின் அளவைவிட அந்த ஓயாமைதான்.

இப்படி ஒரு குரல் அதற்கு ஏன் வாய்த்தது என்பதற்கும் காரணம் உண்டு. வீட்டுக் கழுதையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதை. வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலம் அதன் இடம். சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்தில்தான் மனிதன் அதைப் பழக்கினான். புல்லும் தண்ணீரும் அரிதான இடத்தில் கூட்டமாக மேய முடியாது. ஒன்றுக்கொன்று வெகு தூரம் விலகித்தான் நிற்க வேண்டும். அடுத்ததற்குச் செய்தி போக வேண்டுமானால் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும் குரல் வேண்டும். நம் ஊர்த் தெருவில் பத்தடி தள்ளி நின்று அதைக் கேட்கிறோம், அதனால்தான் காதைப் பொத்துகிறோம்.

இனி ‘கனை’. இந்தச் சொல்லுக்குள் செறிவு, அடர்த்தி என்ற பொருள் இருக்கிறது. கனையிருள் என்றால் அடர்ந்த இருட்டு, கனைபெயல் என்றால் கொட்டும் மழை. ஒலியாகும்போது தொண்டையிலிருந்து திரண்டு, அதிர்ந்து வரும் குரலை அது குறிக்கும். குதிரைக்கு மட்டுமே உரியது என்பதும் சரியில்லை. திருப்பாவையின் 12-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் எருமையைக் கனைக்க வைத்திருக்கிறாள்: ‘கனைத்து இளங் கற்றெருமை கன்றுக்கு இரங்கி’. கன்றை நினைத்த எருமையின் தொண்டையில் குரல் திரள்கிறது. நினைப்பிலேயே மடியில் பாலும் சுரக்கிறது. அந்த இடத்தில் ‘கத்தி’ என்று போட்டுப் பாருங்கள், பாசுரமே கலைந்துவிடும். மனிதர்களும் கனைப்பார்கள். பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொள்வதும், வீட்டுக்குள் வருமுன் வாசலில் நின்று ஒரு கனைப்புக் கனைப்பதும் நாம் அறிந்தவை. குரல் தொண்டைக்குள்ளேயே உருண்டால் கனைப்பு. வாய் முழுக்கத் திறந்து வெளியே கொட்டினால் கத்தல். கழுதை செய்வது இரண்டாவது.

அடுத்தது, தனிச்சொல். ஒலிமரபுப் பட்டியலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். யானை பிளிறும், சிங்கம் முழங்கும், புலி உறுமும், மயில் அகவும், குயில் கூவும், ஆந்தை அலறும், கூகை குழறும், காகம் கரையும், வண்டு முரலும், நரி ஊளையிடும், எருது எக்காளமிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் என்று பெருமையாக வைத்திருக்கிறோம். கழுதைக்கு வரும்போது, ஆட்டுக்கும் சேர்த்து வைத்திருக்கும் பொதுச்சொல்தான் கிடைக்கிறது. தெலுங்கில் கழுதையின் குரலுக்கென்றே ‘ஓண்ட்ர’ என்று ஒரு பெயர் உண்டு. கழுதை ‘ஓண்ட்ர’ போடும் என்பார்கள். மலையாளத்தில் கழுத கரயும். நமக்குக் காகத்தோடு நின்றுபோன ‘கரை’ அங்கே கழுதைக்கும் அழுகிற மனிதனுக்கும் ஆகிறது. ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறளைப் படிக்கும் மலையாளிக்குக் காகம் அழுதுகொண்டே சாப்பிடுவதாகத் தோன்றக்கூடும்!

தமிழில் தனி வினைச்சொல் இல்லையே தவிர, குரலை வைத்துக் கழுதைக்கே ஒரு பெயர் இருந்தது. பழைய அகராதிகளைப் புரட்டினால் கழுதைக்குக் ‘காளவாய்’ என்ற பெயரைப் பார்க்கலாம். காளம் என்றால் ஊதுகொம்பு. எக்காளத்தில் இருக்கும் அதே காளம். காளம் போல ஒலிக்கும் வாயை உடையது காளவாய். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. எருதுக்கு எக்காளத்தை வினையாகக் கொடுத்தவர்கள் கழுதைக்கு அதைப் பெயராகவே கொடுத்திருக்கிறார்கள். பேச்சில் இது மறைந்துபோனதற்கு, செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளைக்கும் காளவாய் என்றே பெயர் இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இன்று காளவாய் என்றால் சூளைதான் நினைவுக்கு வருகிறது.

கன்னடத்தில் கழுதைக்குக் ‘கத்தெ’ என்று பெயர். அதைக் கேட்டதும் ‘கத்துவதால் கத்தெ’ என்று சிலர் பொருள் சொல்லிவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது சரியல்ல. பழைய கன்னடத்தில் ழகரம் இருந்தது. ‘கழ்தெ’ என்றுதான் சொன்னார்கள். ழகரம் மறைந்தபோது தகரம் இரட்டித்துக் கத்தெ ஆயிற்று. நம் கழுதையும் அவர்களுடைய கத்தெயும் ஒரே சொல். ‘கத்து’ அதோடு சேராதது.

பேச்சு கழுதைப் பக்கம் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வில் வரும் ஒலிப் பட்டியலைத் தொல்காப்பியர் கொடுத்ததாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதியில் அவர் பேசுவது இளமைப் பெயர், ஆண் பெயர், பெண் பெயர் பற்றி. கழுதை அங்கே வருகிறது. யானை, குதிரை, ஆ ஆகியவற்றோடு சேர்த்து அதன் குட்டியையும் ‘கன்று’ என்று சொல்லலாம் என்கிறார். இன்று யாராவது கழுதைக்கன்று என்கிறார்களா? கழுதைக்குட்டிதான். மரபு என்பது ஊர் பேசப் பேச நகர்வது. ஒலிப் பட்டியலும் அப்படிப் புழங்கிப் புழங்கிச் சேர்ந்ததே.

சங்கப் பாடல்களில் கழுதை நிறைய நடமாடுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து முதுகில் தழும்பேறிய கழுதைகள் சுங்கச் சாவடி உள்ள பெருவழியில் கூட்டமாகப் போகின்றன. அகநானூறு 207-இல் கடற்கரை உப்பை மேற்கு நாட்டுக்குக் கொண்டுபோகிற வணிகர்கள் பறவைச் சகுனம் பார்த்துக் கிளம்புகிறார்கள். அவர்களுடைய கழுதைகளின் குளம்பு பட்டு வழிக்கற்கள் புரண்டு கிடக்கின்றன. புறநானூறு 15-இல் பகைவரின் ஊர்த் தெருக்களை வெள்வாய்க் கழுதை பூட்டி உழுகிறான் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி. நிமிர்ந்த செவி, நரைத்த முதுகு, தேய்ந்த குளம்பு, வெளுத்த வாய் என்று புலவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்த இடங்கள் எதிலும் அதன் குரல் இல்லை. குறுந்தொகை 193-இல் ஒரு தேரையின் குரலைத் தட்டைப் பறையோடு ஒப்பிட்டு ‘கறங்கும்’ என்று சொல்லுமளவுக்குக் காது கூர்மையான மரபு இது. அத்தனை கழுதைகள் நடந்த வழியில் ஒன்றுகூடவா கத்தவில்லை என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

சரி, ‘கத்து’ மட்டமான சொல்லா? இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். ஏனென்றால் பட்டியலை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள், கூவுதல் உயர்ந்தது, கத்துதல் தாழ்ந்தது என்று ஒரு தரவரிசையையும் தெரியாமலேயே சேர்த்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

காளமேகப் புலவரை எடுத்துக்கொள்வோம். 15-ஆம் நூற்றாண்டுக்காரர். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவருடைய சத்திரத்தில் பசியோடு காத்திருந்து பாடியதாகச் சொல்லப்படும் வெண்பா எல்லோருக்கும் தெரியும். பொழுது சாயும்போது அரிசி வரும், அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்கும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழும் என்று போகும். அதன் முதல் சொல்லே ‘கத்துகடல்’. ஓயாமல் இரைகிற கடல். கடலை இழித்துப் பேச அங்கே ஒரு காரணமும் இல்லை. அலை நிற்காது, ஒலியும் நிற்காது. அதைச் சொல்லக் கத்து பொருந்தியிருக்கிறது. ‘அத்தமிக்கும்’, ‘குத்தி’ என்று தொடரும் எதுகையும் சேர்ந்து இழுத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எதுகைக்காகப் பொருந்தாத சொல்லைக் கொண்டுவரும் ஆள் அல்ல காளமேகம்.

அடுத்தது பாரதி. ‘காணி நிலம் வேண்டும்’ பாட்டில் பராசக்தியிடம் மாளிகை கேட்கிறான், தென்னை கேட்கிறான், நிலவொளி கேட்கிறான். அப்புறம் குயில். பட்டியலின்படி குயில் கூவ வேண்டும். பாரதி எழுதியது ‘கத்துங் குயிலோசை’. அது சற்றே வந்து காதில் பட வேண்டும் என்கிறான். இங்கேயும் முத்து, கத்து, சித்தம் என்று எதுகை ஓடுகிறது. இருந்தாலும், வாழ்க்கையில் தனக்கு வேண்டிய இனிமைகளை எல்லாம் அடுக்குகிற இடத்தில் அவனுக்கு அந்தச் சொல் உறுத்தவில்லை. சித்திரை மாதத்தில் விடியற்காலையில் தோப்புப் பக்கம் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், குயில் விடாமல், சுருதி ஏற்றி ஏற்றி, தொண்டை தெறிக்கக் கத்தத்தான் செய்கிறது. அதனால்தான் ‘சற்றே’ வந்து காதில் பட்டால் போதும் என்றானோ என்னவோ.

ஆக, சொல்லின் உள்ளே இருப்பது இதுதான்: உரக்க, திரும்பத் திரும்ப, அடக்காமல் எழும் ஒலி. இனிமை இல்லை என்ற பொருள் அதற்குள் இல்லை. அது கழுதையோடு பழகிப் பழகி ஒட்டிக்கொண்டது. ‘கழுதை மாதிரி கத்தாதே’ என்று நூறு முறை கேட்ட காதுக்குக் ‘கத்து’ என்றாலே கழுதை நினைவுக்கு வந்துவிடுகிறது.

மனிதர்களிடம் இந்தச் சொல் எப்படியெல்லாம் வேலை செய்கிறது என்று கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். ‘குழந்தை கத்துது, தூக்கு’ என்றால் வீறிட்டு அழுகிறது என்று பொருள். ‘லேட்டாப் போனா அப்பா கத்துவார்’ என்றால் திட்டுவார். ‘நான் ஒருத்தி காலையிலேருந்து கத்திக்கிட்டே இருக்கேன்’ என்று அம்மா சொன்னால் அதில் குரலின் அளவே இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்ற சலிப்புதான் இருக்கிறது. மெல்லிய குரலிலேயே அந்த வாக்கியத்தைச் சொல்லும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ‘எத்தனை மனு கொடுத்து என்ன, கத்திக் கத்திப் பார்த்துட்டோம்’ என்று ஊர்க்காரர்கள் சொல்லும்போது அது முறையீடு. ‘ஒரு கத்துக் கத்தினார், எல்லாரும் அடங்கிட்டாங்க’ என்றால் அதட்டல். இதன் எல்லை மீறிய வடிவம் காட்டுக்கத்தல்.

மரியாதை பார்க்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல்லைத் தவிர்ப்பதும் உண்டு. பெரியவர் ஒருவர் கோபப்பட்டதை அவர் காதுபடச் சொல்ல நேர்ந்தால் ‘நீங்க கத்தினீங்க’ என்று சொல்லமாட்டோம், ‘சத்தம் போட்டீங்க’ என்போம். நெல்லைப் பக்கம் ‘சத்தம் போடுறது’ என்றாலே கண்டிப்பதுதான். யாழ்ப்பாணத்தில் ‘குளறுறது’ என்ற சொல்லைக் கேட்கலாம்; வாய்விட்டு அழுவதற்கும் உரக்கக் கத்துவதற்கும் ஆகும். நம் பட்டியலில் கூகைக்கு ஒதுக்கிய குழறுதல் அங்கே மனிதர்களோடு உயிரோடிருக்கிறது. துயரம் அதிகமானால் கத்து போதாது, கதறு வேண்டும். பயம் வந்தால் அலறு. கூட்டமாகச் சேர்ந்தால் கூச்சல், கூப்பாடு. இந்த வரிசையில் எந்த உணர்ச்சியையும் முன்கூட்டிச் சொல்லாத சொல் கத்து ஒன்றுதான். அதனால்தான் அழுகை, கோபம், முறையீடு, அதட்டல் எதற்கும் அது ஒத்துப்போகிறது.

‘கத்துக்குட்டி’ என்பதைக் கழுதைக்குட்டியோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது கற்றுக்குட்டி, கற்று என்பது பேச்சில் கத்து ஆனது. ‘கத்துக்கிட்டான்’ என்பதில் இருப்பதும் அதே கற்றல்தான். கத்துவதற்கும் இதற்கும் உறவில்லை.

கழுதையின் குரலைப் பற்றி நம் மக்களிடம் இரண்டு மனநிலைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. கழுதையின் காதில் உபதேசம் ஓதினாலும் அபயக்குரலைத் தவிர வேறொன்றும் வராது என்று ஒரு பழமொழி. பழிக்கும் பழமொழிதான். ஆனாலும் அந்தக் குரலுக்கு அது வைத்த பெயரைப் பாருங்கள்: அபயக்குரல். ‘என்னைக் காப்பாற்று’ என்று அலறும் குரல். முதுகில் பொதியோடு நிற்கும் விலங்கின் சத்தத்தை யாரோ ஒருவர் அப்படிக் கேட்டிருக்கிறார். இன்னொரு பக்கம், வெளியே கிளம்பும்போது கழுதை கத்தினால் நல்ல சகுனம் என்ற நம்பிக்கை. கடைகளில் ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று எழுதிய கழுதைப் படம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் குரலை நல்லது என்று வரவேற்ற காதுகளும் இங்கே இருந்தன என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

இப்போது அந்தக் குரலைக் கேட்பதே அரிதாகிவிட்டது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2012-இல் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019-இல் சுமார் 1.2 லட்சம். ஏழே ஆண்டுகளில் பாதிக்கும் மேல் போய்விட்டது. துணி மூட்டைக்கு இருசக்கர வண்டி வந்துவிட்டது, மணலுக்கும் செங்கல்லுக்கும் லாரி, டிராக்டர். இலங்கையில் மன்னாருக்குப் போனால் இன்றும் தெருவில் கழுதைகள் தாமாகத் திரிவதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு நகரத்துப் பிள்ளைகள் கழுதை கத்தும் என்பதைப் புத்தகத்தில்தான் படிக்கிறார்கள். நண்பரின் மகளும் அப்படித்தான். ஒரு தடவை கேட்டிருந்தால் ‘கனைக்கும்’ என்று எழுதியிருக்க மாட்டாள்.

நண்பரிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். அவருடைய தெருப் பக்கம் அவ்வப்போது கழுதைப்பால் விற்பவர் தாயையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு வருவார். பால் வாங்க வேண்டாம். காய்ச்சாத பாலைக் கைக்குழந்தைக்குப் புகட்ட வேண்டாம் என்றுதான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் மகளை வாசலுக்குக் கூட்டி வாருங்கள். பால் கறப்பதற்காகக் குட்டியைத் தள்ளிப் பிடித்திருக்கும்போது சில சமயம் தாய் கத்தும். அப்போது வாயைப் பார்க்க வேண்டாம், விலாவைப் பார்க்கச் சொல்லுங்கள். விலா உள்ளே போகும்போது ஒரு குரல், வெளியே வரும்போது இன்னொரு குரல்.